இங்கிலாந்துப் புல்வெளியில் வரிவரியாகத் தெரியும் மேடுகள் ஆயிரம் வருஷத்து உழவுதானா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: லெமிங்டன் ஸ்பாவிலிருந்து லண்டன் போகும் ரயிலில், பான்பரி வருவதற்குச் சற்று முன்னால், ஆடு மேயும் புல்வெளிகள் முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமுமாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் அது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உழவு என்றார். வெறும் மண் மேடு அத்தனை காலம் மழையில் கரையாமல் நிற்குமா, அவர் சொன்னதை நம்பலாமா, இறங்கிப் பார்க்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். அது உழவுத் தடம்தானா என்றால், அந்த இடத்தைப் பொறுத்தவரை ஆம், அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு பழசு என்பதற்குத்தான் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. நான் நிலத்தோற்றத் தொல்லியல் படித்தவன். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் இந்தத் தடங்களை வான்படங்களிலிருந்து வரைபடத்துக்குக் கொண்டுவரும் வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் புல்வெளி, ஏர் எப்போது முதலில் பூட்டப்பட்டது என்பதைச் சொல்லாது. ஏர் எப்போது நின்றது என்பதைத்தான் சொல்லும்.

முதலில் அந்த மேடு எப்படி உண்டானது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் ஊர் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், புரட்டிப் போடாது. கொழு போன இடத்தில் இரண்டு பக்கமும் மண் சமமாக ஒதுங்கும். அதனால் எத்தனை தலைமுறை உழுதாலும் அதனால் மட்டும் இப்படி ஒரு மேடு எழும்பாது. இடைக்கால இங்கிலாந்தின் கனமான களிமண்ணில் ஓடியது வேறு வகைக் கலப்பை. அதில் கொழுவுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த பலகை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வெட்டிய மண்ணை அது எப்போதும் வலது பக்கமே புரட்டும். பக்கத்தை மாற்றிக்கொள்ள வழி கிடையாது. இப்போது ஒரு நீண்ட நிலப்பட்டையின் நடுக்கோட்டில் தொடங்கி, கடைசி வரை போய், வலது கைப்பக்கம் திரும்பி, முதலில் உழுத சாலுக்குப் பக்கத்திலேயே உழுதுகொண்டு வந்தால், இரண்டு மண்பாளங்களும் ஓட்டுக்கூரையின் முகடுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நம் ஊரில் விளா வளைத்து உழுவதுபோல அப்படியே சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாகப் போனால் ஒவ்வொரு சுற்றும் மண்ணை நடுவை நோக்கித்தான் தள்ளும். பட்டையின் இரண்டு ஓரத்திலும், பக்கத்துப் பட்டைக்கும் இதற்கும் இடையில், ஒரு பள்ளம் மிஞ்சும். அடுத்த வருஷமும் அதே நடுக்கோடு, அதற்கடுத்த வருஷமும் அதேதான். பல தலைமுறை இப்படி உழுதால் நடு உயர்ந்துகொண்டே போகும். நீங்கள் பார்த்த மேடு அதுதான்.

இது தெரியாமல் செய்ததல்ல. எதிர்த்திசையில் சுற்றி உழுதால் மண்ணை மறுபடி ஓரத்துக்குத் தள்ளி மேட்டைத் தணிக்கலாம். அன்றைய உழவர்களுக்கு அதுவும் தெரியும், தேவைப்பட்டபோது செய்தும் இருக்கிறார்கள். அப்படியானால் மேட்டை ஏன் வளரவிட்டார்கள்? இங்கேதான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. வடிகாலுக்காக என்பது பெரும்பாலானோர் சொல்லும் காரணம். மிட்லண்ட்ஸ் களிமண் குளிர்காலத்தில் தண்ணீரை விடாது. மேட்டின் மேல் விதைத்த கோதுமை அழுகாமல் தப்பிக்கும், பள்ளம் வடிகாலாக ஓடும். வறண்ட வருஷமானால் பள்ளத்தை ஒட்டிய பயிராவது தேறும். பள்ளம் ஓடும் திசையைப் பார்த்தால் பெரும்பாலும் சரிவை ஒட்டியே இருப்பது இதற்குச் சாதகம். ஆனால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும் லேசான மண்ணிலும் இதே மேடுகள் இருக்கின்றனவே, அங்கே என்ன காரணம்? பக்கத்துக்காரன் பட்டைக்கும் என் பட்டைக்கும் எல்லை தெரியவேண்டும் என்பது ஒரு விளக்கம். கலப்பையின் போக்கில் தானாக விளைந்தது, பிறகு அது வசதியாகவும் போய்விட்டது என்பது இன்னொன்று. என் பார்வையில் கடைசி விளக்கம்தான் அதிகம் பொருந்துகிறது, ஆனால் இதை முடிந்துபோன வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அடையாளம் காண்பதற்கு அதுதான் முக்கியம். மிட்லண்ட்ஸில் ஒரு மேட்டின் உச்சிக்கும் அடுத்த மேட்டின் உச்சிக்கும் இடையே சாதாரணமாக ஏழு முதல் பத்து மீட்டர் இருக்கும். இன்னும் அகலமானவையும் உண்டு. உயரம் ஓரடியிலிருந்து இரண்டடி வரை, சில இடங்களில் அதற்கும் மேல். நீளம் சுமார் 200 மீட்டர். இந்த நீளம் தற்செயலானது அல்ல. பழைய மைல்கற்களில் நாம் பார்த்த பர்லாங்கு 220 கஜம், அதாவது 201 மீட்டர். மாடுகள் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் உழும் தூரத்திலிருந்து வந்த அளவு அது. அதன்மேல் 22 கஜ அகலம் சேர்த்தால் 4,840 சதுர கஜம், ஒரு ஏக்கர்: ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடியது என்று கணக்கு வைத்திருந்த பரப்பு. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று எழுதுகிறோமே, ஆங்கிலேயர் கொண்டுவந்த அந்த அளவின் வேர் இந்த மாதிரி வயலில்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒரு பட்டை முழு ஏக்கராக இருப்பது அபூர்வம். அரை ஏக்கர், கால் ஏக்கர் என்றுதான் இருந்தன.

அப்புறம் அந்த வளைவு. ரயிலிலிருந்து அது அவ்வளவாகத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் பட்டைகள் நேராகப் போகாமல், ஆங்கில எஸ் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இரண்டு முனையிலும் லேசாக வளைந்திருக்கும். 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பு ஓர் ஏருக்கு எட்டு எருதுகள் என்று கணக்கு வைக்கிறது. எல்லா ஊரிலும் எட்டும் பூட்டியிருக்க மாட்டார்கள், ஆனாலும் இரண்டிரண்டாகப் பூட்டிய மாடுகள் வரிசையாக நின்றால் அது ஒரு நீண்ட அணி. வயல் முடியும் இடத்தில் சட்டென்று திருப்ப முடியாது. அதனால் முனை வருவதற்கு முன்பே மாடுகளை இடதுபக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்தால்தான் வலதுபக்கம் திரும்ப இடம் கிடைக்கும். வளைவுக்கு இந்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. ஏர் திரும்பும் அந்த முனைகளில் கலப்பையில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டியே குறுக்காக ஒரு நீண்ட மேடு வளர்ந்திருக்கும். பட்டைகள் முழுக்க டிராக்டரால் தரைமட்டமான வயலிலும் இந்தக் குறுக்கு மேடு மட்டும் அகலமான, தாழ்ந்த முதுகாகத் தப்பிப் பிழைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதை வைத்தே பழைய வயலின் அமைப்பை ஓரளவு மறுபடி வரைந்துவிடலாம்.

இந்தப் பட்டைகள் தனித்தனி ஆளின் தோட்டம் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊரைச் சுற்றி வேலியில்லாத இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள். ஒவ்வொரு பெருவயலும் ஒரே போக்கில் கிடக்கும் பட்டைகளின் தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். நீங்கள் ஒரே புல்வெளியில் ஒரு பக்கம் மேடுகள் வடக்கு தெற்காகவும் பக்கத்திலேயே கிழக்கு மேற்காகவும் போவதைப் பார்த்தால் அது இரண்டு தொகுதிகள் சந்திக்கும் இடம். ஒரு குடியானவனுக்கு முப்பது ஏக்கர் இருந்தால் அது ஒரே இடத்தில் இருக்காது. ஊர் முழுக்க, நல்ல மண்ணிலும் மோசமான மண்ணிலும், ஐம்பது அறுபது பட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒரு பெருவயல் தரிசு. அதில் ஊர் ஆடுகள் எல்லாம் சேர்ந்து மேயும், எருவும் போடும். எப்போது விதைப்பது, எப்போது ஆட்டை விடுவது என்பதை ஊர் கூடித்தான் முடிவு செய்யவேண்டும். ஆகவே அந்த மேடுகளில் தெரிவது ஒரு தனி உழவனின் கைவேலை அல்ல, ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து போட்டுக்கொண்ட ஒழுங்கு.

சரி, மழையில் ஏன் கரையவில்லை? புல்தான் காரணம். திறந்து கிடக்கும் உழவு மண்தான் மழையில் அடித்துக்கொண்டு போகும். புல் வேர்விட்டு மூடிவிட்டால், அதுவும் மிட்லண்ட்ஸ் மாதிரி மிதமான சரிவில், மண் நகர்வது மிக மெதுவாகிவிடும். ஆடு மாடுகள் மிதிப்பதால் மேடு கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1881இல் மண்புழுக்களைப் பற்றி எழுதியபோது சார்லஸ் டார்வினே, புல்லாக விட்ட நிலத்தில் பழைய உழவு மேடுகள் சில இடத்தில் நிலைப்பதும் சில இடத்தில் மறைவதும் எப்படி என்று ஆராய்ந்திருக்கிறார். மேட்டை அழிப்பது மழையல்ல, மறுபடி உழுவதுதான். இன்றைய கலப்பை மண்ணை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் புரட்டும். அதை டிராக்டரில் பூட்டிக் குறுக்காகச் சில வருஷம் ஓட்டினாலே எழுநூறு வருஷத்து மேடு தட்டையாகிவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இன்று மேடு தெரிகிற இடமெல்லாம், ஒரு காலத்தில் உழவு நின்று, புல்லாக மாறி, அதன்பிறகு திரும்ப உழப்படாத இடம். அப்படியானால் ஏன் நின்றது என்பதுதான் அடுத்த கேள்வி. நீங்கள் போன தடத்திலேயே இதற்கு மிகத் தெளிவான சாட்சி இருக்கிறது. பான்பரிக்கு வடக்கே ஃபென்னி காம்ப்டன் பக்கம், ரயில் பாதைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க்கும் அருகில், வர்ம்லெய்ட்டன் என்று ஒரு சிறிய ஊர். 1490களின் கடைசியில் வில்லியம் கோப் என்ற அரண்மனை அதிகாரி அங்கே உழவு நிலத்தை வேலியடைத்து மேய்ச்சலுக்கு மாற்றினார். ஒரு டஜனுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன, குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1517இல் அரசு நடத்திய விசாரணையில் இதெல்லாம் பதிவானது. இடையில் 1506இல் அந்த நிலத்தை ஜான் ஸ்பென்சர் வாங்கி ஆடு வளர்த்துச் செல்வந்தரானார். பிற்காலத்தில் இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பம் அவர் வழி வந்ததுதான். பழைய ஊரின் வீட்டு மேடுகளும் அகழியும் மீன்குளங்களும் இன்றும் புல்லுக்குள் தெரிகின்றன. உழுதவர்களை அனுப்பிவிட்டு ஆடு விட்டதால்தான் அவர்களுடைய உழவு நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தத் தடங்களை அழகான காட்சியாக மட்டும் பார்க்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

எல்லா இடத்திலும் இதே கதை என்று நினைத்துவிடக் கூடாது. 1348–49 கொள்ளைநோயில் ஊர் ஊராக மக்கள் செத்து, அதனால்தான் வயல்கள் புல்லாகின என்று சுற்றுலாப் பலகைகளில் சர்வசாதாரணமாக எழுதி வைத்திருப்பார்கள். கொள்ளைநோயோடு ஊர் ஒரேயடியாக முடிந்துபோனது மிகக் குறைவு. நோய் ஆளைக் குறைத்தது, கூலியை உயர்த்தியது, தானிய விலை சரிந்தது. உழவு கட்டுப்படியாகாமல் போய், அடுத்த நூறு நூற்றைம்பது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிகள் விலகினார்கள், கடைசியில் மிஞ்சியவர்களை நிலவுடைமையாளர் வெளியேற்றினார். இந்த வெளியேற்றம் பின்னாலும் ஓயவில்லை. 1607இல் மிட்லண்ட்ஸ் முழுக்க வேலிகளைப் பிடுங்கும் கலகம் வெடித்தது. நார்தாம்ப்டன்ஷயரின் நியூட்டன் ஊரில் நாற்பது ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான ஊர்களில் உழவு நின்றது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். 1604க்கும் 1914க்கும் இடையே நாடாளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றின் கீழ் வந்தது. மிகுதியும் 1750க்குப் பிறகு. பட்டைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, அளந்து, சதுரம் சதுரமாகப் பிரித்து, உயிர்வேலி நட்டார்கள். களிமண் நிலத்தைப் பல சொந்தக்காரர்கள் உடனே புல்லாக்கி மாடு கொழுக்கவிட்டார்கள். அந்த மேடுகளில் கடைசியாக ஏர் ஓடியது 1770களில் இருக்கலாம். அதை இடைக்கால உழவு என்று சொல்வது பாதி உண்மைதான். அமைப்பு இடைக்காலத்தது, ஆனால் மேட்டின் இன்றைய உருவம் கடைசி உழவின் உருவம்.

அப்படியானால் அமைப்பாவது ஆயிரம் வருஷம் பழசா? வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரி அருகே ஹென் டோமன் என்ற இடத்தில், 1070 வாக்கில் கட்டிய மண்கோட்டைக்கு அடியில் உழவு மேடுகள் அகழாய்வில் கிடைத்தன. கோட்டைக்கு முன்பே வயல் இருந்திருக்கிறது. ஆகவே மேடு எழுப்பும் உழவு 1066ஆம் வருஷத்து நார்மன் படையெடுப்புக்கும் முந்தையது என்பது உறுதி. பட்டைகளாகப் பங்கிட்ட வயல்கள் பத்தாம் நூற்றாண்டு நிலப் பத்திரங்களிலும் குறிப்பிடப்படுகின்றன. ஆனால் மிட்லண்ட்ஸ் பெருவயல் ஒழுங்கு ஒரே வீச்சில் திட்டமிட்டு வந்ததா, இரண்டு மூன்று நூற்றாண்டில் மெல்ல உருவானதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உங்கள் சக பயணி சொன்ன ஆயிரம் சாத்தியமான எண்தான். ஒரு குறிப்பிட்ட புல்வெளியைக் காட்டி இது ஆயிரம் என்று சொல்வதற்கு மட்டும் அகழ்ந்து பார்த்த சான்று வேண்டும், அது மிகச் சில இடங்களுக்கே உண்டு.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: இந்த மேடுகள்தான் பழைய ஆவணங்கள் சொல்லும் பட்டைகள் என்று எப்படி நிரூபித்தார்கள்? 1948இல் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டார். நல்ல உதாரணம் பக்கிங்ஹம்ஷயரின் பாட்பரி. அந்த ஊரின் ஒவ்வொரு பட்டையையும் காட்டும் 1591ஆம் வருஷத்து வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு விமானப்படை எடுத்த வான்படங்களை அதன் பக்கத்தில் வைத்தால், மேடுகளும் பட்டைகளும் தொகுதி தொகுதியாகப் பொருந்துகின்றன. எரிக் கெரிட்ஜ் என்பவர் 1951இல் இதை மறுத்தார். வேலியடைத்த பிறகும் விவசாயிகள் மேடாகத்தானே உழுதார்கள், மேட்டைப் பார்த்ததும் பெருவயல் என்று எப்படிச் சொல்வது என்றார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இன்றும் ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகச் சோதிக்கிறோம். அப்படிச் சோதித்ததில் மிட்லண்ட்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் பெரெஸ்ஃபோர்டு பக்கமே சாய்ந்திருக்கிறது.

அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். உயிர்வேலியைப் பாருங்கள். மேடு வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமும் அதே போக்கில் தொடர்ந்தால், மேடு வேலிக்கு மூத்தது. அந்த ஊரின் வேலியடைப்பு எந்த வருஷம் என்று மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பார்த்துவிட்டால், மேட்டின் வயது குறைந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். உங்கள் ரயில் தடத்தில் இன்னும் இரண்டு வெட்டுகள் உண்டு: ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் 1778இல் பான்பரியை எட்டியது, ரயில் பாதை 1852இல் திறந்தது. கால்வாயோ தண்டவாளமோ ஒரு மேட்டைக் குறுக்காக வெட்டிப் போனால் அந்த மேடு அதற்கு முந்தையது. மாறாக, மேடுகள் வேலிக்குள் அடங்கி, வேலிக்கு இணையாக, கோடு போட்டாற்போல் நேராக, ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் தானிய விலை ஏறியபோது மலைப்பாங்கான நிலங்களைக்கூட அவசரமாக உழுதார்கள். பிறகு நீராவிக் கலப்பை வந்தது. இவை இரண்டும் விட்டுப்போன வரிகள் ஒல்லியாகவும் நேராகவும் இருக்கும். ஆற்றோரத் தாழ்வில் மேட்டின் உச்சியிலேயே ஒரு வாய்க்கால் ஓடினால் அது உழவே அல்ல, புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பழைய ஏற்பாடு. நேராக இருப்பதால் மட்டும் பிற்காலத்தது என்று முடிவு கட்டவும் கூடாது, இடைக்காலப் பட்டைகளிலும் நேரானவை உண்டு. இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்து வந்தால்தான் நான் வரைபடத்தில் உறுதி என்று குறிப்பேன்.

பார்க்கச் சரியான நேரம் குளிர்காலத்துப் பின்மதியம், சூரியன் தாழ்ந்து நிழல் நீளும்போது. லேசான பனி உருகும்போது இன்னும் துல்லியம்: மேட்டில் உருகிப் பள்ளத்தில் வெள்ளை மிஞ்சும். மே மாதமானால் பூக்கள் காட்டிக்கொடுக்கும். பட்டர்கப் என்ற மஞ்சள் பூவில் மூன்று வகை. கிழங்குள்ள வகை காய்ந்த மேட்டு உச்சியையும், படரும் வகை ஈரமான பள்ளத்தையும், உயரமான வகை இரண்டுக்கும் நடுவையும் விரும்பும், அதனால் வயலே மஞ்சள் வரிகளாகத் தெரியும். புல்லில் எறும்புப் புற்றுகள் கூம்புகூம்பாக நின்றால் வெகுகாலமாக ஏர் படாத நிலம் என்று தைரியமாகச் சொல்லலாம். வீட்டிலிருந்தே பார்க்க லைடார் இருக்கிறது: விமானத்திலிருந்து லேசர் கற்றையால் தரையின் உயரத்தை அளந்த படம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை அந்தத் தரவை இலவசமாகவே தருகிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் பழைய அளவை வரைபடங்களோடு அதையும் வைத்துப் பார்க்கலாம். எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. உங்கள் ரயில் பாதையை அதில் ஒருமுறை தொடர்ந்து போய்ப் பாருங்கள், ஜன்னலில் தெரிந்ததைவிடப் பல மடங்கு தெரியும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் பல வயல்களிலும் அது மங்கிய வரிகளைக் காட்டும்.

இதெல்லாம் நிரந்தரமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாட்டுக்காகப் புல்வெளிகளை உழச் சொல்லி அரசே உத்தரவிட்டது. போருக்குப் பின் மானியமும் பெரிய இயந்திரங்களும் அந்த வேலையைத் தொடர்ந்தன. 1940களின் வான்படங்களில் ஊர் முழுக்க மேடாகத் தெரிகிற எத்தனையோ இடங்கள் இன்று கோதுமையோ கடுகோ விளையும் தட்டை நிலம். 1990களில் டேவிட் ஹால் என்ற தொல்லியலாளர் முன்னின்று மிட்லண்ட்ஸில் சுமார் 2,000 ஊர்களை ஆராய்ந்தபோது, பழைய பெருவயல் அமைப்பைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நன்றாக மிஞ்சியதாக முன்னுரிமை கொடுக்க முடிந்தவை நாற்பது சொச்சம் ஊர்களே. பாழடைந்த ஊரோடு சேர்ந்து கிடக்கும் மேடுகளுக்குச் சில இடத்தில் நினைவுச்சின்னப் பாதுகாப்பு உண்டு. மற்றபடி, பெரும்பாலானவை தனியார் புல்வெளி. விவசாயி புல்லாகவே வைத்திருந்தால் அரசுத் திட்டத்தில் பணம் கிடைக்கலாம், வைத்திருந்தே ஆகவேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. வீட்டுமனைகளும் சாலைகளும் வருஷா வருஷம் கொஞ்சம் தின்கின்றன. பாட்டன் கட்டிய தேவாலயத்தைத் தொட முன்னூறு அனுமதி கேட்கிற நாட்டில், அதைவிடப் பழைய உழவுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. நாட்டிங்ஹம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் பெருவயல் முறை இன்றும் நடக்கிறது: மூன்று வயல், பங்கிட்ட பட்டைகள், எல்லை மீறினால் அபராதம் போட ஊர் நீதிமன்றம். 1635இல் வரைந்த அதன் வரைபடமும் இருக்கிறது. அந்த முறையைப் பார்க்க அங்கே போகலாம், ஆனால் மேடுகளைத் தேடி அங்கே போகாதீர்கள். டிராக்டரில் தொடர்ந்து உழப்படுவதால் பட்டைகள் பெரும்பாலும் தட்டைதான். முறை உயிரோடு இருக்கிற இடத்தில் மேடு போய்விட்டது. மேடு இருக்கிற இடத்தில் முறை செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன.

இறங்கிப் பார்க்க வழி கேட்டீர்கள். ஃபென்னி காம்ப்டனில் இப்போது ரயில் நிற்காது. பான்பரியிலோ லெமிங்டனிலோ இறங்கி அங்கிருந்து காரில்தான் போகவேண்டும். முதல் முறை என்றால் பர்ட்டன் டாஸெட் குன்றுகளுக்குப் போங்கள். மாவட்ட நிர்வாகத்தின் பொதுப் பூங்கா அது, வாகனம் நிறுத்தக் கட்டணம் உண்டு, உச்சியில் நின்றால் சுற்றியுள்ள தாழ்வில் வரிகள் விரிந்து கிடக்கும். அடுத்து வர்ம்லெய்ட்டன்: கால்வாய் ஓரப் பாதையிலும் பொது நடைபாதைகளிலும் நடந்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பாதையை விட்டு விலகாமல் இருந்தால் சரி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும் காலம், நாய் கூட வந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை எத்தனை எட்டு என்று எண்ணிப் பாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் தொடர்கிறதா என்று கவனியுங்கள், படமும் எடுத்து இங்கே போடுங்கள். இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் லைடாரோடு வைத்துப் பார்த்து எந்தக் காலத்து உழவாக இருக்கலாம் என்று சொல்கிறேன்.